நடுவில் காலியான இடம்

கியாக்தானிலிருந்து யாங்கோன் வரும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவரிடம், “கமிட்டியில செத்தவரு நாற்காலிக்கு நான் நிக்கப் போறேன், ஊ மாணிக்கம்” என்றாள். பெண்ணுக்கு ‘மா’ என்பதுபோல், ஆணுக்கு ‘ஊ’ என்ற பர்மிய மரியாதையோடு அழைக்கப்பட்ட அவர் அவர்களுடைய கோயில் கமிட்டிச் செயலாளர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“தேர்தலுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கே, மா செல்வி. அதுவரைக்கும் அவரு மகன் இருக்கட்டும்.”

“அது எல்லா எடத்துக்கும் நடக்குற பெரிய தேர்தல். நடுவுல ஒரு எடம் காலியானா, அதுக்கு மட்டும் இடைத்தேர்தல் வைக்கணும்னு நம்ம விதியிலயே இருக்கு.”

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே.”

“இப்ப நான் கேக்குறேன்ல.”

“பொம்பளைங்க யாரும் நின்னதில்லம்மா.”

“கோயில் அடுப்படியில இருபது வருசமா நிக்கிறது யாராம்?”

அவள் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் படிக்காமலே மடித்தார்.

“மடிக்காதீங்க. வாங்கிக்கிட்டேன்னு நகல்ல கையெழுத்துப் போடுங்க.”

நகலையும் பேனாவையும் நீட்டினாள். அவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“தோத்துட்டா என்னம்மா செய்வ?”

“ஓட்டை எண்ணிட்டு வந்து சொல்லுங்க, ஒத்துக்கிறேன். எண்ணாமலே சொல்லாதீங்க.”