மூன்றாவது அழைப்பு

மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு, தோல் கட்டும் பூராமா திராவோரே எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் காவல் நிலையத்தில் சாயோனின் ஜெம்பே மேளத்தைக் குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆட்டுத்தோல் ஈரத்தைக் குடித்தால் தொய்ந்துவிடும். மறுபடி கயிறு இழுத்து முறுக்கேற்ற அரை நாள் பிடிக்கும்.

இனி விஷயம். சாயோன் கோன்டேயைக் கொன்றது நான்தான் என்று உங்களிடம் இரண்டு முறை நேரில் சொன்னேன். இரண்டு முறையும் சிரித்தீர்கள். "போடா பயறு தின்னி, எழவு வீட்டுலகூட ஒரு திராவோரேக்கு வாய் அடங்காதா?" என்றீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. நீங்களும் அவனைப் போலக் கோன்டே குலம், நான் திராவோரே குலம். திராவோரே எதைச் சொன்னாலும் கோன்டே சிரிக்க வேண்டும், கோன்டே எதைச் சொன்னாலும் திராவோரே கோபப்படக் கூடாது. நம் முன்னோர் வைத்த முறை அது. தாளில் எழுதினால் சிரிப்பு வராது என்று நினைக்கிறேன். தவிர, இதைப் பிரதி எடுக்கப்போகிற உங்கள் எழுத்தர் கடற்கரைக்காரர், இந்த முறை அறியாதவர். அவருக்காகச் சில இடங்களில் விளக்கமாகவே எழுதுகிறேன். பயறு தின்னி, அடிமை, எசமான் எல்லாம் இந்த இரண்டு குலத்துக்கும் இடையே வழக்கமான கேலிச் சொற்கள்.

சாயோனும் நானும் ஒரே வயது. இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து வாசித்தோம். அவன் முதல் ஜெம்பே, நான் இரண்டாவது. முதல் ஜெம்பே மனம் போனபடி பறக்கலாம். இரண்டாவது ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருக்க வேண்டும். மற்ற நாட்களில் நான் தோல் ஊறவைப்பேன், பிளேடால் மயிர் சிரைப்பேன், இரும்பு வளையம் மாட்டிக் கயிறு இழுப்பேன். அவன் உள்ளங்கை எந்த இடத்தில் விழும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்து மெலிதாக்கி வைப்பேன். அவன் வாசிப்பில் ஊர் மயங்கியதே, அதில் பாதி என் பிளேடு.

அவன் கூட்டத்தின் நடுவில் என்னைக் காட்டிச் சொல்வான்: "என் அடிமையப் பாத்தீங்களா? இவன் கையில ஜெம்பேயக் குடுத்தா, செத்த ஆடு எந்திரிச்சு ஓடிரும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் மகள் கல்யாணத்தில் ஒரே ஒரு தாளம் நான் முன்னின்று வாசிப்பதாக ஏற்பாடு. ஜெம்பேயின் தோள்வாரை என் கழுத்திலிருந்து அவனே கழற்றினான். "வேணாண்டா, மாப்பிள்ள ஓடிருவான்" என்றான். என் மகளும் சிரித்தாள்.

இதையே குருமா குலத்துக்காரன் ஒருவன் செய்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பெரியவர்கள் கூடிப் பேசி, கோலாக்கொட்டை கொடுத்து, ஒரு மாதத்தில் ஒரே தட்டில் சோறு தின்றிருப்போம். கோன்டேயிடம் கோபப்பட எனக்கு வழி கிடையாது. வழியில்லாத கோபம் எங்கே போகும் என்று நம் முன்னோர் யோசித்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அறுவடை ஆட்டம். ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜெம்பேக்களை ஆட்டக்களத்தில் வெயிலுக்கு வைத்துவிட்டு, ஆற்றுவளைவில் வெட்டிப் போட்டிருந்த லெங்கே மரத்தைப் பார்க்கப் போனோம். புது ஜெம்பேக்கு எந்தத் துண்டு ஆகும் என்று அவன் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். மரம் சரிவில் கிடந்தது. ஒரு கல்தான் முட்டுக்கொடுத்திருந்தது. அவன் கீழ்ப்பக்கம் மண்டியிட்டு, மரம் செதுக்கும் வாச்சியின் பிடியால் தட்டி, காதை மரத்தில் வைத்துக் கேட்டான். கல் விலகிவிட்டது. மரம் இடுப்பு வரை ஏறி நின்றது.

"கெடுத்தியே அடிமை," என்றான். அப்போதும் கேலிதான். பிறகு, "நெசமாவே நசுக்குதுடா. ஓடிப் போயி ஆளக் கூட்டிட்டு வா."

"கூட்டிட்டு வரேன். வாச்சி கையிலதானே இருக்கு? மரத்துல அழைப்ப அடி. நான் களத்துலேருந்து பதில் அடிப்பேன். கேட்டா, ஆள் கிளம்பியாச்சுன்னு தெரிஞ்சுக்கோ."

எழுத்தருக்காக: அழைப்பு என்பது முதல் ஜெம்பே அடிக்கிற ஒரு சின்ன அடி வரிசை. அது விழுந்தால்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள், அது விழுந்தால்தான் நிறுத்துவார்கள். சாயோன் அதன் கடைசி அடியைக் கொஞ்சம் தாமதித்துப் போடுவான். ஊரில் சின்னக் குழந்தைக்கும் அது தெரியும்.

களத்துக்கு ஓடி வந்தேன். அவன் மனைவி தெனின்தான் முதலில் கேட்டாள். "எங்க உன் எசமான்?"

"லெங்கே மரத்துக்கு அடியில நசுங்கிக் கெடக்கான்," என்றேன். "பொழைக்க மாட்டான். இனி நான்தான் முதல் ஜெம்பே."

களமே சிரித்தது. "அப்ப அவன் சோத்தையும் நீயே தின்னுரு. பயறுதான் போட்டிருக்கேன்," என்றாள் தெனின்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் மறைக்கவில்லை. இடத்தைச் சொன்னேன், நிலைமையைச் சொன்னேன். எண்பது பேர் கேட்டார்கள். எண்பது பேரில் ஒருவராவது போய்ப் பார்த்திருக்கலாம்.

அவனுடைய ஜெம்பேயை எடுத்து மாட்டிக்கொண்டு நின்றேன். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம், ஆனாலும் ஜெம்பே எனக்குச் சரியாக இடுப்பில் உட்கார்ந்தது. அப்போது ஆற்றுப்பக்கமிருந்து அழைப்பு வந்தது. காய்ந்த லெங்கேயில் விழும் அடி வயல் தாண்டிக் கேட்கும். கடைசி அடி தாமதித்து விழுந்தது.

துன்துன் என்ற பெரிய மேளம் வாசிக்கும் நான்சாதி சிரித்தான். "வர்ற வழியிலயே ஆரம்பிச்சுட்டான் பாருண்ணே. பொறுக்க மாட்டான்."

நான் பதில் அடித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். மேளம் தொடங்கியது.

முதல் தாளம் முடிந்த இடைவெளியில் இரண்டாவது அழைப்பு. வேகமாக, ஆத்திரமாக. அதற்கும் பதில் அடித்தேன். பெண்கள் குலவையிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒருவனும் நானும் பேசிக்கொள்வது போல் இருந்ததாம், அப்படியொரு ஆட்டம் இந்த ஊர் பார்த்ததில்லையாம். அவனுக்கும் ஆறுதலாகத்தான் இருந்திருக்கும். ஆள் வருகிறது என்று நினைத்திருப்பான்.

மூன்றாவது அழைப்பு மெதுவாக வந்தது. கடைசி அடி வரவில்லை. எல்லோரும் கையை உயர்த்தியபடி காத்திருந்தார்கள். அவன் வழக்கமாகத் தாமதிப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்துவிட்டு, அந்த அடியை நான் போட்டேன். மெலிதாக்கி வைத்த அந்த இடத்தில். தோல் என்ன அழகாகப் பேசியது தெரியுமா. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் என் கைக்கு அது அப்படிப் பேசியதில்லை.

பொழுது சாயும் வரை வாசித்தேன். நிறுத்தும் அழைப்பை நான் அடிக்கவில்லை, ஆகவே யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் துன்துன்காரர்களின் தோள் தாங்காது என்று இரக்கப்பட்டுத்தான் அடித்தேன். ஒரு பெரியவர் என் கையில் கோலாக்கொட்டை வைத்து, "இவ்வளவு நாள் எங்கடா இருந்தே?" என்றார். அதன் பிறகுதான் தெனின், "அவரு இன்னும் வரலியே," என்று ஆற்றுப்பக்கம் நடந்தாள். வாச்சி அவன் கையில் இருந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

கல் விலகிவிட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் காலால் தள்ளினேன். ஆனால் அந்த நிமிஷம் தோன்றிய காரியம் அது. முன்கூட்டித் திட்டம் எதுவும் என் மனதில் இல்லை. இதைத் தாளில் தெளிவாகப் பதிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கடைசியாக மறுபடி சாயோனின் ஜெம்பே பற்றி. காலையில் அரை மணி நேரம் வெயில் காட்டினால் போதும், அதற்கு மேல் வேண்டாம், தோல் கிழிந்துவிடும். உங்கள் காவலர் யாரோ தோள்வாரை அவிழ்த்து நீளமாக்கப் பார்த்ததாக நான்சாதி சொன்னான். அதைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலமே உட்கார்ந்து, இரண்டு முறை மாட்டிப் பார்த்து, என் உயரத்துக்குச் சரியாகச் சுருக்கிக் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பூராமா திராவோரே,
முதல் ஜெம்பே.