மோட்டாரை மூன்று முறை மாற்றியவர்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கச் செயலாளர் அவர்களே, தலைவரின் துணைவியார் அம்மா அவர்களே, அவருடைய மகளே, மருமகனே, லிப்டில் சொகுசாக வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் வயதுக்காரர்களே, எங்களுக்கு லிப்டை விட்டுக்கொடுத்து ஐந்து மாடி படியேறி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எண்பத்தொரு வயதுக்காரன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது. ஆகவே நிதானமாகவே பேசப்போகிறேன்.

நம்மை விட்டுப் போய்விட்ட தலைவருக்கு வயது எழுபத்தொன்பது. வரிசையில் முன்னால் நின்றவன் நான். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து, எனக்கு முன்னால் போர்மேன் ஆனார். இப்போது இதிலும் முந்திக்கொண்டுவிட்டார். இது என்ன நியாயம்? யாரிடம் போய்ப் புகார் கொடுப்பேன்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் நடத்திவந்த வியாழக்கிழமைக் கூட்டத்தை இனி நான் நடத்த வேண்டும் என்று சங்கம் கேட்டிருக்கிறது. நான் மறுத்தால் கூட்டம் நின்றுவிடும். அந்த அறையில் பழைய சாமான்களைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பதிலை இந்த மேடையிலேயே சொல்லச் சொன்னார்கள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார எனக்குத் தகுதி கிடையாது. அடக்கத்தால் சொல்லவில்லை. எனக்கும் அடக்கத்துக்கும் வெகுதூரம் என்பது உங்களுக்கே தெரியும். கூட்டத்தின் விதிப்படியே தகுதி கிடையாது.

அந்த விதி என்ன? வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற லிப்ட் மெக்கானிக்குகள் வியாழன்தோறும் மாலை நான்கு மணிக்குக் கூடுவோம். தேநீர் வருவதற்கு முன் ஒருவர் எழுந்து, தன் வேலைக்காலத்தில் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் தவறு செல்லாது. சாக்குப்போக்கு செல்லாது. வேலையில் இருக்கும் இளைஞர்கள் கேட்கலாம், சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் பிழைப்பு போய்விடும். அறுபது தாண்டியவர்களுக்கு மட்டுமே அந்தப் பாக்கியம்! ஒரு தவறாவது சொல்லாதவர் தலைவர் நாற்காலியில் உட்கார முடியாது. பதினோரு ஆண்டுகளில் ஒரு தவறுகூடச் சொல்லாத உறுப்பினர் ஒரே ஒருவர்தான். அவர்தான் இப்போது உங்கள் முன் பேசிக்கொண்டிருக்கிறார்.

முதல் தவற்றைச் சொன்னவர் யார்? நம் தலைவர், நம் மோட்டார் ஐயா!

அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது? ஓர் ஆஸ்பத்திரி லிப்ட் மழை பெய்தால் மட்டும் மூன்றாவது மாடியைத் தாண்டாமல் நின்றுவிடும். மோட்டாரில் கோளாறு என்றார் அப்போது போர்மேனாக இருந்த நம் தலைவர். மூன்றாம் மாடிக் கதவுப் பூட்டில் கோளாறு என்றேன் நான். அந்தப் பூட்டுக்குள் சின்னதாக ஒரு செப்புத் தகடு உண்டு. கதவு மூடியிருக்கிறது, போகலாம் என்று லிப்டுக்குச் சொல்வது அதுதான். சுவர் ஊறினால் தகட்டில் களிம்பு ஏறும், லிப்ட் நின்றுவிடும். இதை எனக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத்தரவில்லை. கண்ணும் காதும் விரலும் கற்றுத்தந்தன.

அத்தனை பேர் முன்னிலையில் அவர் கேட்டார்: "நீ எங்க படிச்ச?" நான் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க படிச்ச இடத்துல படிக்கலை சார், அதனாலதான் எனக்குத் தெரியுது" என்றேன். மறுநாளே என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான்கு ஆண்டுகள் திருகாணி எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலத்தில் மோட்டாரை மூன்று முறை மாற்றினார்கள். லிப்ட் மூன்று முறையும் நின்றது. கடைசியில் லிப்டையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்கள். மோட்டார் என்ற பெயரை ஸ்டோரில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு வைத்தவன் நான்தான். அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

முப்பத்தோரு ஆண்டுகள் ஓடின. இருவரும் ஓய்வு பெற்றோம். தெருவில் எதிரே வந்தால் ஆளுக்கொரு கடைக்குள் நுழைந்துகொள்வோம். நான் பல நாள் வேண்டாத சோப்பெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

ஒரு மழை நாளில் கண்ணுக்கு மருந்து போட அதே ஆஸ்பத்திரிக்கு அவர் போனார். போட்டுக்கொண்டு இறங்கும்போது மூன்றாவது மாடியில் லிப்ட் நின்றது! லிப்ட் புதிது, சுவர் பழையது அல்லவா? ஒரு மணி நேரம் உள்ளே நின்றார். மீட்க வந்த மெக்கானிக்கிடம் டார்ச்சை வாங்கி அந்தப் பூட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். பிறகு வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நனைந்த சட்டையோடு, கண்ணில் மருந்து ஒழுக, நேரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மனைவி துண்டு கொடுத்தாள். அதை வாங்கித் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"யோவ், மோட்டார் இல்லைய்யா. நீ சொன்ன தகடுதான்" என்றார்.

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு சார்."

"அப்பவே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. ஒத்துக்கிட்டா எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயம். இப்ப சிரிச்சா சிரிக்கட்டும். எனக்குத்தான் காது சரியாக் கேக்கறதில்லையே."

அன்பர்களே, இளமை இளமை என்று உலகமே பாடுகிறதே, இளமையில் அப்படி என்ன இருக்கிறது? முழங்கால் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பல் இருக்கிறது. ஆனால் முப்பத்தேழு வயதில் அவரால் "நான் தப்பு" என்று சொல்ல முடிந்ததா? பதவி தடுத்தது. மாமனார் வீட்டு மரியாதை தடுத்தது. அறுபத்தெட்டு வயதில் தடுக்க எது மிச்சம் இருந்தது? இளைஞனுக்கு ஒரு தவறு என்றால் எதிர்காலமே போய்விடும். எங்களுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது! "தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்லலாம். பிடிக்காத ஆளிடம் போய்ச் சிநேகம் கேட்கலாம். அந்த நாளுக்குப் பிறகு அவர் எப்படிச் சிரித்தார் என்று பார்த்தீர்கள் அல்லவா? மோட்டார் என்று நான் வைத்த பெயரைத் தானே முன்வந்து ஏற்றுக்கொண்டு, பேரன் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்தார். சம்பந்தி வீட்டார் அவர் மோட்டார் கம்பெனி முதலாளி என்று நினைத்துக்கொண்டார்களாம். திருத்தவே இல்லை மனிதர்!

அந்த ஆனந்தத்தில் பிறந்ததுதான் வியாழக்கிழமைக் கூட்டம். நானும் முதல் நாளிலிருந்து போனேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏன்? என்னிடம் சான்றிதழ் கிடையாது. "நான் சொன்னதுதான் சரி" என்பது ஒன்றுதான் நான் வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்த சான்றிதழ். அதைக் கிழிக்க மனம் வரவில்லை.

சற்று முன் அம்மா இங்கே பேசினார்கள். அந்த மழைக்காலம் முழுக்கத் தன் கணவர் வேலைவிட்டு வந்து, தட்டில் சோற்றைச் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார் என்றார்கள். அம்மா, அது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று என் வாசலில் நின்று அவர் இன்னொன்றும் கேட்டார். "நீயாவது கமுக்கமா அதைச் சரி பண்ணியிருக்கக் கூடாதாய்யா?" என்றார். "என்கிட்ட சாவி ஏது சார்?" என்றேன். அது பொய்.

ஸ்டோருக்கு மாற்றிய மறு வாரம் உதிரிபாகம் கொடுக்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் மோட்டார் மாற்றி இரண்டு நாள் ஆகியிருந்தது. லிப்ட் அறைச் சாவியை நான் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூன்றாம் மாடிப் பூட்டைத் திறந்தேன். தகட்டில் பச்சைக் களிம்பு. சட்டைப் பையில் உப்புத்தாள் இருந்தது. தேய்த்தால் இரண்டு நிமிட வேலை. நான் தேய்க்கவில்லை. பூட்டின் மூடியைத் திரும்ப மாட்டினேன். இன்னும் இரண்டு மோட்டார் மாற்றட்டும், அவமானப்படட்டும் என்று ஸ்டோருக்குத் திரும்பினேன். நோயாளிகளைப் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். என் நெஞ்சு குளிர்ந்தது.

என்னை ஸ்டோருக்கு அனுப்பியது அநியாயம்தான். அதில் ஒரு சொல்லைக்கூட நான் வாபஸ் வாங்க மாட்டேன். ஆனால் இது என் தவறு. இதற்குச் சாக்கு கிடையாது.

ஐம்பது வயதில் இதைச் சொல்லச் சொன்னால் நாக்கைக் கடித்துத் துப்பியிருப்பேன். இன்று சொல்லிவிட்டேன், உடம்பு லேசாக இருக்கிறது. இந்தச் சுகத்தைப் பதினோரு ஆண்டுகளாக அவர் என் கண்ணெதிரிலேயே அனுபவித்துக்கொண்டு இருந்திருக்கிறாரே!

செயலாளர் அவர்களே, அந்த அறையில் சாமான் போட வேண்டாம். வியாழக்கிழமை நான்கு மணிக்கு நான் திறக்கிறேன். உயிருள்ளவரை நடத்துவேன். அம்மா, நீங்களும் வர வேண்டும். உங்கள் வீட்டுக்காரரின் தவறுகளை நாங்கள் நிறையக் கேட்டுவிட்டோம். என்னுடையது இன்னும் ஏராளம் இருக்கிறது. முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் எதையாவது மறைத்தால் அங்கேயே எழுந்து கேளுங்கள்.