ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து

கேழ்வரகுக் கஞ்சி நன்றாக ஆறிய பிறகுதான் மோர் ஊற்ற வேண்டும், சார். ஹெலனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சூட்டோடு ஊற்றித் திரியவைத்துவிடுவாள். அதனால் போன ஜூலையிலிருந்து காலைக் கஞ்சியை நானே கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

என் பெயர் பெஞ்சமின், வயது அறுபத்தாறு. செய்யூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மருந்து கொடுத்தவன். இன்றும் என்னைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மனைவி ஹெலன் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சதுரங்கப்பட்டினத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.

ஓய்வு பெற்ற மறுமாதமே அவள் எழுத உட்கார்ந்தாள். அவள் நாவல்களில் செல்லக்கண்ணு என்று ஒருத்தி வருவாள். அவளும் சத்துணவு அமைப்பாளர்தான். ஊரில் கொலை விழும், ஆனால் ரத்தத்தைக் காட்ட மாட்டாள். செல்லக்கண்ணு சாம்பாரைத் தாளித்துக்கொண்டே நாலு பேரிடம் பேச்சுக் கொடுப்பாள், கொன்றவன் யாரென்று கண்டுபிடிப்பாள், அவனுக்கும் ஒரு தட்டு சோறு போட்டுவிட்டுத்தான் போலீசைக் கூப்பிடுவாள். 'உப்பளத்தில் ஒரு செருப்பு', 'சவுக்குத்தோப்பில் ஒரு குடை', 'ஏரிக்கரையில் ஒரு கண்ணாடி' என்று மூன்று புத்தகங்கள் வந்தன. மூன்றுமே நன்றாகப் போயின. செங்கல்பட்டில் ஒரு வாசகர் கூட்டத்தில் அவளோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். நான் அவள் கைப்பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

அந்த மூன்றையும் அத்தியாயம் அத்தியாயமாக முதலில் படித்தவன் நான். இது பொருந்தவில்லை, இதை முன்னால் சொல்லு என்பேன். பாதியை ஏற்றுக்கொள்வாள். நான்காவது புத்தகம் 'கலங்கரை விளக்கத்தில் ஒரு பூட்டு'. அதில் எட்டு அத்தியாயம் முடித்திருந்தாள். எட்டாவதை நான் படித்துக் கொடுத்த மறுநாள் காலை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது சொன்னாள்:

"இன்னாங்க, இந்தத் தபா முழுசா முடிச்சிட்டுக் குடுக்கறேன். நீங்க நடுவுல நடுவுல சொல்றது எனக்குக் கொயப்பமா கீது."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சரி என்றேன். அதற்கு மறுநாள்தான் கஞ்சி கரைக்க ஆரம்பித்தது.

கஞ்சியில் போட்டது தூக்க மாத்திரை. பெயரை நேற்றே ஸ்டேஷனில் உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். தினம் பாதிதான் போட்டேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுதுகிற பெண்மணிக்கு ஓய்வு வேண்டும் என்று யாராக இருந்தாலும் சொல்வார்கள்.

கொஞ்ச நாளில் எழுத்து மெதுவாகிவிட்டது. கதையில் செத்தவனுடைய தம்பி, இரண்டு அத்தியாயம் தள்ளி அண்ணன் ஆகிவிட்டான். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் செத்தவனே வந்து டீ குடித்தான். ஒருநாள் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்து அழுதாள்.

"மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாரி கீதுங்க. எனக்கு இன்னா ஆவுது?"

"வயசு ஆவுதும்மா" என்றேன்.

செங்கல்பட்டுக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நான் கூட்டிப்போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இவள் அம்மாவுக்கும் இதே மறதி இருந்தது என்று டாக்டரிடம் சொன்னேன். அவள் அம்மா எண்பத்தொரு வயதில் சாகிறவரைக்கும் தெளிவாகத்தான் இருந்தார். ஹெலன் அப்போது என் முகத்தைப் பார்த்தாள். தன் அம்மாவைப் பற்றியே தனக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள் போல.

எப்படியோ எழுதி முடித்தாள். பதிப்பகத்தில் சில சந்தேகங்கள் கேட்டு மின்னஞ்சல் வந்தது. அப்படியே போடச் சொல்கிறாள் என்று நான் பதில் எழுதினேன். ஜனவரியில் புத்தகம் வந்தது. வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை. கைபேசியில் வந்த விமர்சனங்களை ஒன்றுவிடாமல் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். 'செல்லக்கண்ணு செத்துப்போயிட்டாங்க, எழுதுறவங்களுக்கு மட்டும் அது தெரியல' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். நல்லது கெட்டது இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

பிரபா என்கிற பெண் வந்தது ஏப்ரலில். கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை. நாலு புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் வந்திருந்தாள். நான் கடையிலிருந்து திரும்பியபோது இருவரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஆண்ட்டி. ரெண்டு வாட்டி படிச்சேன். எட்டாவது அத்தியாயம் வரைக்கும் நீங்கதான். ஒம்பதுல இருந்து வேற யாரோ எழுதன மாரியே கீது. யாருனா எழுதிக் குடுத்தாங்களா?"

"ஒம்பதுல இருந்தா?" என்று ஹெலன் கேட்டாள். "கரெக்டா ஒம்பதுல இருந்தா?"

அவள் எழுந்து கையெழுத்துப் பிரதியை எடுத்தாள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் தொடங்கிய தேதி இருக்கும். சத்துணவுப் பதிவேடு எழுதிப் பழகிய கை அது. ஒன்பதாம் அத்தியாயத்தின் தேதியை வெகுநேரம் பார்த்தாள். நான் கஞ்சி கரைக்க ஆரம்பித்த வாரம் அது. பிறகு அந்தப் பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் முழுக்கக் கஞ்சியைப் பின்பக்கம் எடுத்துப்போய்க் குடித்தாள். கொட்டியிருக்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. நடுக்கமில்லாமல் ஊசியில் நூல் கோத்தாள். பக்கத்து வீட்டம்மாவின் பேத்தி பெயரைத் தவறாமல் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை ஒரு புது நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் மூடினாள்.

"அஞ்சாவதா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. இது சீக்கிரம் முடிஞ்சிடும்."

சனிக்கிழமை தபாலாபீசுக்குப் போய் வந்தாள். பிரபாவுக்கு ஏதோ வாழ்த்து அட்டை என்றாள். அன்று மத்தியானம் நான் மீன் குழம்பு வைத்தேன். எனக்கு வயிறு சரியில்லை என்று ரசம் ஊற்றிக்கொண்டேன். அவள் குழம்பில் நான்கு மாத்திரை. பாதி கொடுத்தபோதே எழுதி முடித்தவள் என்பதால் நான்கு.

இரண்டே முக்காலுக்குப் பின்பக்கம் கை கழுவப் போனவள் படியில் விழுந்தாள். தலையில் அடி. மூச்சு இருந்தது. கண்ணும் திறந்துதான் இருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஒரு மணி இருபது நிமிடம், சார். அந்த நேரத்தில் நான் அந்த நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அரிசி டப்பா, பீரோ, மெத்தைக்கு அடி, எல்லா இடமும் பார்த்தேன். நடுவில் இரண்டு முறை வந்து அவளிடம் எங்கே வைத்தாய் என்று கேட்டேன். என்னையே பார்த்தாள். அதன்பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

நோட்டிலிருந்து கிழித்து அவள் அன்று தபாலில் அனுப்பிய நான்கு பக்கங்களையும் பிரபா உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள் என்பது நேற்றுதான் தெரிந்தது. நீங்கள் கொடுத்த ஜெராக்ஸை இரண்டு முறை படித்தேன். செல்லக்கண்ணுவின் தோழி ஒருத்தி தினமும் கஞ்சி குடித்ததும் தடுமாறுகிறாள், அவள் புருஷன் கம்பவுண்டர். தேதி எல்லாம் சரியாக இருக்கிறது. நான்தான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஆனால் படித்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் புருஷனைக் கெட்டவனாகவே எழுதியிருக்கிறாள். அவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிற ஒருவன் அப்படி இருப்பான் என்று வாசகர்கள் நம்ப மாட்டார்கள். அந்த இடம் பலவீனம். முதலில் என்னிடம் காட்டியிருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேன்.