கொறற்றி தந்த ரிவோல்வர்

உங்கள் கோப்பி நன்றாக இருக்கிறது. பொலிஸ் நிலையத்துக் கோப்பி இப்படி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மொழிபெயர்க்க வந்திருக்கும் ஆதிரை இதையும் உங்களுக்குச் சொல்லட்டும். எனக்கு ஜேர்மன் தெரியும். ஆனால் முக்கியமான விஷயத்தைத் தமிழில் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

நீங்கள் கேட்டது ஒரு அனுமதிப் பத்திரத்தைப் பற்றித்தான். அந்தப் பழைய ரிவோல்வர் அனுமதி இல்லாமல் ஒன்பது மாதம் என் வீட்டில் ஏன் இருந்தது என்று கேட்டீர்கள். பிறகு படிவத்தின் அடியில் இருந்த கேள்வியையும் வாசித்தீர்கள்: அது எதற்காவது பயன்படுத்தப்பட்டதா? கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும். ஓம், பயன்படுத்தினேன். சுடவில்லை. அதற்குள் குண்டு இருக்கவில்லை.

என் பெயர் கமலாம்பிகை. வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் பள்ளிக்கூடங்கள் துப்பரவு செய்தேன். என் கணவர் சிவகுருநாதன் ஆறு வருடத்துக்கு முன்னர் பாரிசவாதம் வந்து விழுந்தார். கையும் காலும் போயின, பேச்சும் போனது. அறிவு மட்டும் அப்படியே இருந்தது. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தால் 'ஓம்', இரண்டுதரம் என்றால் 'இல்லை' என்று எவ்லின் அவரைப் பழக்கினாள். எவ்லின் எங்கள் வீட்டுக்கு வரும் தாதி. தமிழ்ப் பிள்ளை. இத்தனை வருடத்தில் அவருடைய முதுகில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. மற்ற வீடுகளில் எவ்லின் என்னைத்தான் உதாரணம் காட்டுவாளாம்.

கொறற்றி என் சிநேகிதி. ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து நிலம் துடைத்தவர்கள் நாங்கள். அவள் கட்டியது டீட்டர் என்ற ஜேர்மன்காரரை. போன ஆவணியில் டீட்டர் செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கிழமை, வீட்டு நிலவறையை ஒதுக்கித் துப்பரவாக்க என்னைக் கூப்பிட்டாள். குளிர்காலச் சப்பாத்துகளுக்குப் பின்னால் ஒரு பிஸ்கற் பேணி. அதற்குள் கம்பளித் துணியில் சுற்றியபடி அந்த ரிவோல்வர் கிடந்தது. ஜேர்மனியை அரசர் ஆண்ட காலத்தில் பொலிஸ்காரராக இருந்த டீட்டரின் பாட்டனார் வைத்திருந்ததாம். மரப்பிடி, பிடியின் அடியில் ஒரு வளையம், உருளையில் ஆறு அறைகள். அவ்வளவு அழகான ஒரு பொருளை நான் அதுவரை கையில் தூக்கியதில்லை.

"அக்கா, எனக்குத் தொடவே பயமாக் கிடக்கு. நீங்கள் போற வழியிலைதானே பொலிஸ் ஸ்ரேசன். குடுத்துவிடுறீங்களோ?" என்றாள்.

"ஓம், தா. நான் குடுக்கிறன்."

அந்த நேரம் கொடுக்கத்தான் நினைத்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டு ட்ராமில் ஏறினேன். அடுத்த தரிப்பிடத்தில் பயணச்சீட்டுப் பரிசோதகர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். மாதச் சீட்டு பைக்குள்ளே ரிவோல்வருக்குக் கீழே அகப்பட்டுக் கிடந்தது. ரிவோல்வரின் குழாயை மெல்ல ஒருபக்கம் தள்ளி, சீட்டை எடுத்துக் காட்டினேன். உயரமான பெடியன், நன்றி சொல்லி, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனான். இறங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தரிப்பிடத்து வாங்கில் குந்தியிருந்து வயிறு நோகுமட்டும் சிரித்தேன். இந்தப் பொலிஸ் கட்டடத்தை இரண்டுதரம் சுற்றி வந்தேன். மூன்றாம் தரம் எதிரிலுள்ள கடையில் ஒரு எலுமிச்சை ஐஸ்கிரீம் வாங்கி, தெருவில் நின்றபடியே நக்கிச் சாப்பிட்டேன். பொம்பிளைகள் தெருவில் நின்று சாப்பிடுவது என் கணவருக்குப் பிடிக்காது. பிறகு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ரிவோல்வரைப் பருப்பு வாளிக்குள் வைத்தேன். காலையில் பருப்புக்குள் கையை விட்டு, அது இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். இருக்கும். உடனே எனக்குப் பாட்டு வரும். முப்பது வருடமாக மறந்திருந்த பாட்டுகள் எல்லாம் வந்தன. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

"அன்ரி, என்ன நடந்தது? முகமெல்லாம் மினுங்குது," என்று எவ்லின் கேட்டாள்.

"இப்ப நல்லா நித்திரை வருது பிள்ளை."

விளையாட்டு தற்செயலாகத்தான் தொடங்கியது. ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கு, அவரைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து ரிவோல்வருக்கு எண்ணெய் போட்டேன். அவர் கண்டுவிட்டார். அவருடைய கண் இரண்டும் என்மேல் அப்படியே நின்றன. முப்பத்தேழு வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அவர் கெட்ட மனிதர் என்று எழுதிவிடாதீர்கள். ஒருநாளும் எனக்கு அடித்ததில்லை. சிரிப்பார், அவ்வளவுதான். இங்கே வந்த புதிதில் வெதுப்பகத்தில் செர்ரிக் கேக் கேட்கப்போய், நாக்குப் பிசகித் தேவாலயக் கேக் என்று கேட்டுவிட்டேன். இரண்டு சொல்லும் உங்கள் மொழியில் கிட்டத்தட்ட ஒன்றுதானே. அந்தக் கதையை அவர் பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணவீடு எல்லாவற்றிலும் சொன்னார். ஒவ்வொரு முறையும் நானும் சேர்ந்து சிரித்தேன். அது கோபப்படுகிற விஷயமா, சொல்லுங்கள்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு நல்ல சேலை ஒன்றை உடுத்து, பூ வைத்து, பொட்டும் வைத்துக்கொண்டு போனேன். குழாயின் வாயை அவருடைய நெற்றியில் வைத்து, ஜேர்மனில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினேன். ஒரு உச்சரிப்புப் பிழைகூட வரவில்லை. பத்து வந்ததும் விசையை இழுத்தேன். டிக் என்றது. எனக்கு அக்குளில் கூச்சம் காட்டியதுபோல உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறகு தேத்தண்ணி போட்டு, புரைக்கேறாமல் கரண்டியால் பருக்கினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் விளையாடினோம். குழாய் நெற்றியில் பட்டதும் அவர் கண்ணை இரண்டுதரம் மூடித் திறப்பார். பிறகும் இரண்டுதரம். இரண்டு என்றால் 'இல்லை' என்பது எனக்குத் தெரியும். ஆனால் விளையாட்டில் அப்படித்தானே, ஒருவர் வேண்டாம் என்பார், மற்றவர் விடமாட்டார். கண்ணீர் வந்தால் துடைத்துவிடுவேன். நல்லாய்ச் சிரித்தாலும் கண்ணீர் வரும்.

தை மாதம் எவ்லின் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்து யோசித்தாள்.

"மாமா ரெண்டரைக்கே மணிக்கூட்டைப் பாக்கத் தொடங்கிறார். ஆரும் வாறவையோ அன்ரி?"

"தேத்தண்ணிக்குத்தான் பிள்ளை."

சிரிப்பை அடக்கச் சரியாகக் கஷ்டப்பட்டேன். வைத்தியர் மாத்திரையைக் கூட்டினார். அதை நேரம் தவறாமல் கொடுத்தேன்.

குண்டில்லாத துவக்குக்கு ஏன் அவ்வளவு பயந்தார் என்று கேட்பீர்கள். எண்பத்தாறில் ஊரில் ஒரு இராணுவக் காவலரணில் அவரை முழங்காலில் இருத்தி, நெற்றியில் துவக்கை வைத்து, பத்துவரை எண்ணியிருக்கிறார்கள். பத்தில் சுடாமல் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அகதி முகாமில் எங்கள் முதல் குளிர்காலத்தில், என் மடியில் தலையை வைத்து அழுதுகொண்டு, ஒரே ஒருதரம் அதைச் சொன்னார். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன். எண்ணுகிற யோசனை எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, ஏழு என்று சொல்லும்போது அவர் கண்ணை மூடினார். திறக்கவில்லை. விளையாட்டில் அளாப்பி ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். எட்டு, ஒன்பது, பத்து என்று முடித்து விசையை இழுத்தேன். டிக் என்றது. அப்போதுதான் மூச்சு இல்லை என்பதைக் கவனித்தேன். ரிவோல்வரைத் துடைத்து வாளிக்குள் வைத்து, சேலையை மாற்றி, மத்தியானச் சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கழுவிவிட்டு, அம்புலன்சுக்குப் போன் அடித்தேன். இரண்டாவது பாரிசவாதம் என்று எழுதினார்கள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள், இப்படி ஒரு மனைவி கிடைக்க அவர் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

போன மாதம் கொறற்றிக்குக் கடிதம் வந்தது. டீட்டரின் பெயரில் பதிவாகியிருந்த ரிவோல்வர் எங்கே என்று கேட்டிருந்தார்கள். என்னிடம் தந்ததாக அவள் உண்மையைச் சொன்னாள். நீங்கள் வந்தீர்கள், நானே பருப்பைக் கொட்டி எடுத்துத் தந்தேன். கொறற்றியில் ஒரு பிழையும் இல்லை.

 ஆதிரை எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டு, உங்களைப் பார்க்காமல் என்னிடமே கேட்டாள்.

"அன்ரி, மாமாவிலை உங்களுக்கு அவ்வளவு கோபமே?"

"கோபமோ? இல்லைப் பிள்ளை. வருசக்கணக்காக் கட்டிலிலை கிடந்த மனுசன். அவருக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணுந்தானே."