சத்தம் எடுத்த வீடியோ

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். அக்காவின் பெட்டியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் கிழியாமல் இருந்தது.

"அப்பா கடைசியா பேசின வீடியோல சத்தமே வரலடா. என் ஃபோன்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

"நான்தான்க்கா சத்தத்தை எடுத்தேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏன்டா?"

"ஃபைல் பெருசு. ஆஸ்பத்திரி சிக்னல்ல போகவே இல்ல. படத்தைக் குறைச்சேன், அப்பவும் போகல. ஆடியோவை எடுத்துடவான்னு ஆப் கேட்டுச்சு. நீ முகத்தைப் பார்த்தா போதும்னு எடுத்துட்டேன்."

"ஒரிஜினல் இருக்குல்ல?"

"ஃபோன் ஃபுல்லுக்கா. உனக்குப் போனதும் டெலீட் பண்ணிட்டேன். ட்ராஷ்லயும் இல்ல."

"சத்தத்தை எடுத்ததுல எவ்வளவு குறைஞ்சுது?"

"ஒரு எம்பி."

பஸ் சேலையூர் சிக்னலில் நின்றது.

"பக்கத்துலதானே நின்னே? என்ன சொன்னாரு?"

"மாஸ்க்கை எடுத்துட்டு மெதுவா பேசினாரு. முகம் ஸ்க்ரீன்ல சரியா விழுதான்னுதான் நான் பார்த்துட்டிருந்தேன். அப்புறமா வீடியோல கேட்டுக்கலாம்னு..."

அக்கா ஃபோனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டார்.

"உதடு ரெண்டு தடவை ஒட்டுது பாரு. பேபின்னு என்னைத்தானே கூப்பிடுறாரு?"

தம்பி திரையைப் பார்க்கவில்லை.

"ரொம்ப மங்கலா இருக்குக்கா."

ராஜகீழ்ப்பாக்கத்தில் நான் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த அக்கா திரையைப் பார்த்தபடி, சத்தமில்லாமல், தன் உதட்டை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.