பஸ்ஸில் ஒரு நன்றியுரை

ஒட்டுக்கேட்பது பிழை என்று தெரிந்தேதான் கேட்டேன். வெலிமடை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் துணிப்பை.

“விழா மேடையில ஜெனரேட்டருக்குக்கூட நன்றி சொன்னீங்களே!”

“ஜெனரேட்டர் தந்த முதலாளிக்கு, புள்ள. பதுளையில முதல் ஜாஸ் விழா. கரண்டு போயிருந்தா மானம் போயிருக்கும்.”

“மழை பெய்யாததுக்கு முருகனுக்கு நன்றி. மைக்செட்காரருக்குப் பொன்னாடை. கொழும்புலருந்து வாசிக்க வந்த அத்தன பேருக்கும் ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சவளுக்கு?”

“மேடையில ஏறுனதும் மறந்துட்டேன். இப்ப சொல்றேன், நன்றி.”

“காதுக்குள்ளயா? நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அம்மா வீட்டுலதான்.”

ஹாலிஎல வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். இறங்கவில்லை.

அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! எங்க ஜாஸ் விழா நல்லபடியா முடிஞ்சதுக்கு முதல் காரணம் என் சம்சாரம். அவங்களுக்கு நன்றி!”

பஸ்ஸே கைதட்டியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“கண்டக்டர் டிக்கெட் குடுத்துக்கிட்டு இருந்தாரு, அவருக்குக் கேட்டிருக்காது. இன்னொருக்கா சொல்லுங்க. அம்மாவப் பாத்துட்டுச் சாயந்தரமே வீட்டுக்குப் போயிருவோம்.”