பக்கத்து வீட்டுக்கு ஓடு

கோரிமேட்டில் நான் ஏறிய பஸ்ஸில், முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

"பக்கத்து வீட்டண்ணன் தன்னோட கூரையத் தானே பிச்சிப் போட்டாரு, அக்கா."

"ஏண்டி?"

"அவருக்கு அந்தாண்ட வீட்டுல தீப் புடிச்சிடுச்சி. இந்தாண்ட எங்க வீடு. உள்ள எம்புள்ள தூங்கிட்டிருந்தான். அண்ணன் மேல ஏறி, தன் கூரைக் கீத்தெல்லாம் இழுத்துத் தள்ளிட்டாரு. தீ எங்ககிட்ட வரவேயில்ல."

மூத்தவள் கேட்டாள்:

"இப்ப அவருக்குக் கூரை?"

"நாங்கதான் போட்டுத் தர்றோம். எங்க வூட்டுக்காரரு சிமெண்ட் ஷீட்டுன்னாரு. அண்ணனுக்கு மில்லுல நைட் ஷிப்டு, பகல்லதான் தூங்குவாரு. ஷீட்டு சூட்டுல எப்பிடித் தூங்கறது? ஓடுதான்னு நான் சொல்லிட்டேன்."

"உங்க வீட்டுக்கு?"

"எங்களுக்கு என்னக்கா, கீத்துதான் எரியாம நிக்குதே."